தந்திக்குப் பின்னால் ஓர் ஓவியர்

கோலாலம்பூர் ஜாலான் ராஜா சூலானில் உள்ள டெலிகோம் அருங்காட்சியகம், 1928-ஆம் ஆண்டில் தொலைபேசி நிலையமாகக் கட்டப்பட்ட கட்டடத்தில் இருக்கிறது. போன பருவ விடுமுறையில் நாங்கள் நால்வர் அங்குப் போனோம். மற்ற மூவரும் பழைய தொலைபேசிகளோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் ஒரு சின்னப் பித்தளைக் கருவியின் முன்னால் நின்றுவிட்டேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பார்வைக்கு ஸ்டேப்ளர் மாதிரி. மோர்ஸ் சாவி என்று எழுதியிருந்தது. மோர்ஸ் என்பது ஊர்ப் பெயரா, ஆள் பெயரா என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். சாரணர் இயக்கத்தில் புள்ளியும் கோடுமாக மனப்பாடம் செய்திருக்கிறோம். அதற்குப் பெயர் கொடுத்த மனிதரைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படிக்கத் தொடங்கியபோது முதலில் வியக்க வைத்தது இதுதான்: அவர் விஞ்ஞானியாக வாழ்க்கையைத் தொடங்கவில்லை. நாற்பது வயது தாண்டும்வரை அவர் ஓவியர்.

சாமுவேல் மோர்ஸ் 1791 ஏப்ரல் 27-ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்ல்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பாதிரியார்; பள்ளிகளுக்குப் புவியியல் நூல்கள் எழுதிப் பெயர் பெற்றவர். மகனை யேல் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே மின்சாரம் பற்றிய விரிவுரைகளையும் மோர்ஸ் கேட்டிருக்கிறார். ஆனால், மனமெல்லாம் தூரிகையில். தந்தத் தகடுகளில் சின்னச் சின்ன உருவப்படங்கள் வரைந்து விற்றுக் கைச்செலவைச் சமாளித்தார். அந்தக் காலத்துப் பகுதிநேர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1810-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே கப்பல் ஏறி, லண்டன் ராயல் அகாடமியில் ஓவியம் படிக்கப் போனார்.

1815-இல் நாடு திரும்பினார். பெரிய வரலாற்றுக் காட்சிகளை வரைய வேண்டும் என்பது அவர் ஆசை. அதை வாங்க அமெரிக்காவில் ஆளில்லை. முகம் வரைந்தால்தான் காசு. ஆகவே, ஊர் ஊராகப் போய் வசதியானவர்களின் முகங்களை வரைந்தார். 1818-இல் லுக்ரீசியா வாக்கர் என்ற பெண்ணை மணந்தார். மனைவியும் பிள்ளைகளும் நியூ ஹேவன் நகரில் மோர்ஸின் பெற்றோர் வீட்டில் இருந்தார்கள். அவரோ வேலை கிடைத்த இடத்தில் இருந்தார். நம் முன்னோர்களின் வீடுகளில் எத்தனையோ பேருக்குப் பழகிப்போன ஏற்பாடு அது.

1825-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அப்போது அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். அவரை ஆளுயரத்தில் வரையும் வேலையை நியூயார்க் நகராட்சி மோர்ஸிடம் கொடுத்தது. மோர்ஸ் வாஷிங்டனுக்குப் போனார். பிப்ரவரி 7-ஆம் நாள் நியூ ஹேவனில் லுக்ரீசியா இறந்துபோனார். மூன்றாவது பிள்ளை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவருக்கு வயது 25. வாஷிங்டனில் இருந்த கணவருக்கு இது தெரியாது. லஃபாயெட்டைச் சந்தித்த மகிழ்ச்சியைக் கொட்டி, இறந்துபோன மனைவிக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தந்தையின் கடிதம் வந்து சேர்ந்தபோது நான்கு நாள் கடந்திருந்தது. வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குதிரை வண்டியில் விரைந்தார். இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சிரம்பானிலிருந்து அலோர் ஸ்டார் போவது போல. அவர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

இணையத்தில் இந்தக் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்: மனைவி இறந்த சேதி தாமதமாக வந்தது, ஆகவே மோர்ஸ் தந்தியைக் கண்டுபிடித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், லுக்ரீசியா இறந்ததற்கும் மோர்ஸ் மனத்தில் தந்தி பற்றிய எண்ணம் முளைத்ததற்கும் நடுவே ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஏழு ஆண்டும் அவர் ஓவியம்தான் வரைந்தார். நியூயார்க்கில் ஓவியர்களுக்கென ஓர் அகாடமியை நிறுவித் தலைமை ஏற்றார். பிறகு ஐரோப்பா போய் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, அங்கிருந்த புகழ்பெற்ற ஓவியங்களை ஒரே திரையில் படியெடுத்தார். துயரத்திலிருந்து கண்டுபிடிப்புக்கு நேர்க்கோடு போட்டுவிட முடியாது என்பது என் எண்ணம். அந்தத் தாமதம் அவருக்குள் எங்கோ கிடந்திருக்கலாம். அதற்கு மேல் சொல்வது நம் கற்பனை.

1832-இல் ஐரோப்பாவிலிருந்து ‘சல்லி’ என்ற கப்பலில் திரும்பும்போதுதான் அது நடந்தது. பயணிகளில் ஒருவர் பாஸ்டன் மருத்துவர் சார்ல்ஸ் ஜாக்சன். சாப்பாட்டு மேசையில் மின்காந்தம் பற்றிப் பேச்சு வந்தது. கம்பி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மின்சாரம் நொடியில் ஓடிவிடும் என்று தெரிந்ததும், அப்படியானால் அதில் சேதியை அனுப்பலாமே என்று மோர்ஸுக்குத் தோன்றியது. கரை சேர்வதற்குள் குறிப்பேட்டில் படங்கள் வரைந்துவிட்டார்.

மின்சாரத்தில் சேதி அனுப்பலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பலருக்கு ஏற்கெனவே இருந்தது. அது மோர்ஸுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்.

அடுத்த ஐந்து ஆண்டு வறுமை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியர் பதவி கிடைத்தது. பெயர்தான் பெரியது, வருமானம் மாணவர்கள் கட்டும் கட்டணம் மட்டும். கட்டணம் கட்டத் தாமதித்த மாணவர் ஒருவர், தம் ஆசிரியர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிடிபிடிஎன் பணத்துக்குக் காத்திருக்கும் நமக்கு மாணவர்களின் பட்டினி தெரியும். பேராசிரியரின் பட்டினி புதிது. அந்த நிலைமையில்தான் மோர்ஸ் தம் முதல் கருவியைச் செய்தார். சட்டத்துக்கு மரம் வாங்கக் காசில்லை. ஓவியத் திரையை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தையே சுவரோடு பொருத்திக்கொண்டார்.

கருவி வேலை செய்யும் முறை எளியது. ஒரு பக்கம் மின்கலமும் சாவியும். சாவியை அழுத்தினால் கம்பியில் மின்சாரம் ஓடும், விட்டால் நிற்கும். மறு பக்கம் இரும்பைச் சுற்றிய கம்பிச் சுருள். மின்சாரம் ஓடும் நேரத்தில் மட்டும் அது காந்தமாகி ஒரு கரத்தை இழுக்கும். அந்தக் கரத்தில் இருக்கும் பென்சில், நகர்ந்துகொண்டிருக்கும் தாளில் கோடு போடும். சிறிது நேரம் அழுத்தினால் புள்ளி, கூடுதல் நேரம் அழுத்தினால் கோடு. சிக்கல் தூரத்தில்தான் இருந்தது. சில மீட்டருக்கு மேல் மின்சாரம் வலுவிழந்தது. அதே பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் லெனர்ட் கேல் கைகொடுத்தார். ஜோசப் ஹென்றி என்ற இயற்பியலாளர் ஏற்கெனவே எழுதியிருந்ததைக் காட்டி, மின்கலங்களைக் கூட்டவும் சுருளில் சுற்றுகளைப் பெருக்கவும் சொன்னார். கம்பி பத்து மைல் வரை போனது. படிவம் ஐந்தில் மின்காந்தத்தின் வலிமையைக் கூட்டும் வழிகளை எழுதி மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இது புரியும்.

1837-இல் இரண்டு சம்பவங்கள். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் நடு மண்டபத்தில் பெரிய ஓவியங்கள் வரைய ஆள் தேர்ந்தெடுத்தார்கள், மோர்ஸை ஒதுக்கிவிட்டார்கள். வாழ்நாள் கனவு அது. அத்தோடு தூரிகையை ஏறக்குறைய கீழே வைத்துவிட்டார். அதே ஆண்டில் ஆல்பிரட் வெயில் என்ற இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். வெயிலின் குடும்பத்துக்கு நியூ ஜெர்சியில் இரும்புப் பட்டறை இருந்தது. ஓவியரின் மரச்சட்டம் அந்தப் பட்டறையில்தான் உண்மையான இயந்திரமாக மாறியது. முதலில் மோர்ஸ் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்துப் பெரிய அகராதி தயாரித்திருந்தார். பிறகுதான் எழுத்துக்கு எழுத்துப் புள்ளி, கோடு என்ற முறை வந்தது. ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘இ’ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதை அறிய, வெயில் ஓர் அச்சகத்துக்குப் போய் அச்செழுத்துகளை எண்ணிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அந்தக் குறியீட்டை உருவாக்கியவர் மோர்ஸா, வெயிலா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பெயர் மட்டும் ஒருவருக்குப் போய்விட்டது.

பணத்துக்கு அரசாங்கத்திடம் போக வேண்டியிருந்தது. 1838-இல் கேட்டார், கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் காப்புரிமை கேட்டார், அதுவும் இல்லை. அங்கே குக், வீட்ஸ்டன் என்ற இருவர் தங்கள் சொந்தத் தந்தியை இரயில் பாதைகளில் ஓடவிடத் தொடங்கியிருந்தார்கள். 1843-இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்கியது. கீழவையில் ஆதரவு 89, எதிர்ப்பு 83. எழுபது பேர் வாக்களிக்கவே இல்லை.

வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பாதைக்கு மோர்ஸ் தேர்ந்தெடுத்தது பால்டிமோர்–ஒகையோ இரயில் பாதையின் ஓரம். கம்பியை முதலில் மண்ணுக்குள் புதைத்தார்கள். காப்புறை சரியில்லாததால் மின்சாரம் கசிந்தது. பணத்தில் பெரும் பகுதியும் கரைந்தது. கடைசியில் கம்பம் நட்டு மேலே கட்டினார்கள். நாம் தோட்டத்து மண்சாலையில் பார்த்து வளர்ந்த அந்தக் கம்ப வரிசையின் மூதாதை, ஒரு தோல்வியிலிருந்து வந்தது.

1844 மே 24-இல் நடந்த அதிகாரபூர்வத் தொடக்கத்தைத்தான் பாடநூல்கள் சொல்கின்றன. எனக்குப் பிடித்தது அதற்கு மூன்று வாரம் முந்திய நிகழ்ச்சி. மே 1-இல் பால்டிமோரில் ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளராக ஹென்றி கிளேயைத் தேர்ந்தெடுத்தது. கம்பி அப்போது பாதி வழிதான் வந்திருந்தது. முடிவை அறிந்தவர்கள் இரயிலில் ஏறி வாஷிங்டனுக்குப் புறப்பட்டார்கள். கம்பி முடியும் இடத்தில் இரயில் நின்றபோது, காத்திருந்த வெயில் சேதியைக் கேட்டு வாஷிங்டனுக்குத் தட்டிவிட்டார். இரயில் போய்ச் சேர்ந்தபோது நகரத்துக்குச் சேதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. அன்றைய உலகில் மனிதனின் மிக வேகமான வாகனத்தை ஒரு செப்புக் கம்பி முந்தியது.

அதன் பிறகு இரயிலும் தந்தியும் பிரியவில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் மோதாமல் இருக்க வேண்டுமானால், அடுத்த நிலையத்துக்கு வண்டியைவிட வேகமாகச் சேதி போக வேண்டும். 1851-இல் அமெரிக்காவின் ஈரி இரயில் பாதையில் தந்தி வழியே வண்டிக்கு உத்தரவு கொடுத்து இதைக் காட்டினார்கள். நம் மாநிலத்தில் 1891-இல் திறக்கப்பட்ட சிரம்பான்–போர்ட் டிக்சன் பாதையும் ஒற்றைத் தண்டவாளம்தான். சுங்கை ஊஜோங் இரயில் நிறுவனம் போட்டது. ஈயத்துக்காகப் போட்டது, பின்னர்ச் சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களின் ரப்பரையும் ஏற்றியது. 2008-க்குப் பிறகு அதில் வண்டி ஓடுவதில்லை. மலாயா இரயில்வேயின் நிலைய அதிகாரிகளிலும் எழுத்தர்களிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். தண்டவாளம் போட்ட கூலிகளில் நம்மவர்கள் எவ்வளவு பேர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கம்பி கடலைத் தாண்டிய கதையில் நம் மண்ணுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1842-இல் மோர்ஸ் நியூயார்க் துறைமுகத்தில் தாரும் ரப்பரும் பூசிய கம்பியைத் தண்ணீருக்கடியில் போட்டுப் பார்த்தார். ஒரு கப்பலின் நங்கூரம் அதை இழுத்து அறுத்துவிட்டது. உப்புநீரில் கெடாத உறை ஒன்று தேவைப்பட்டது. அது மலாய்த் தீவக்கற்பத்துக் காட்டு மரத்திலிருந்து கிடைத்தது: கெத்தா பெர்ச்சா. தாபான் என்று சொல்லப்படும் அந்த மரத்தின் பால் காற்றுப் பட்டால் இறுகும், வெந்நீரில் இளகும், கடலடியில் நீண்ட காலம் தாங்கும். தோட்டத்தில் நாம் ரப்பரைக் கித்தா என்கிறோமே, அதுவும் ‘கெத்தா’ என்ற அதே மலாய்ச் சொல்தான். ஒரு வேறுபாடு: ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கலாம். தாபான் மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள். உலகத்துக் கடல்களில் கம்பி ஓட, இங்கே காடு சாய்ந்தது. 1871-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடிக் கம்பியால் இணைந்துவிட்டன. மோர்ஸ் அப்போது உயிரோடு இருந்தார்.

அந்தக் கம்பியின் வழித்தோன்றல் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. 1950-களில், பாட்டி புதுமருமகளாகச் சிலியாவ் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த சமயம். நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த கொள்ளுத்தாத்தாவை ஆபீஸுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. தந்தி என்றதும் லயத்துப் பெண்கள் என்ன ஏது என்று கேட்காமலேயே அழத் தொடங்கிவிட்டார்களாம். தந்தி ஆங்கிலத்தில் இருக்கும்; சொல்லுக்கு இவ்வளவு காசு என்பதால் நாலைந்து சொல்தான் இருக்கும். கிராணி படித்துச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் கொள்ளுத்தாத்தாவின் அம்மா இறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சேதி ஒரே நாளில் வந்துவிட்டது. ஆனால், போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரஜுலா கப்பல் போய்ச் சேர ஒரு வாரம் பிடிக்கும். அதுவும் கப்பல் புறப்படும் நாள் வரவேண்டும். கையில் பணம் வேண்டும். துரையிடம் விடுப்பு வேண்டும். அவர் போகவில்லை. லிங்கி ஆற்றங்கரையில் மொட்டை அடித்துக் கருமாதி செய்தார். மறுநாள் பெரட்டுக்குப் போய்விட்டார் என்று பாட்டி சொல்லும்போது அவர் குரலில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை.

இதைக் கேட்ட பிறகு 1825-ஆம் ஆண்டு பிப்ரவரியை நான் வேறு மாதிரி நினைக்கிறேன். மோர்ஸுக்குச் சேதி தாமதமானது. தெரிந்ததும் புறப்பட்டுப் போகப் பாதை இருந்தது, அவரைத் தடுக்க ஆளில்லை. கொள்ளுத்தாத்தாவுக்குச் சேதி தாமதிக்கவில்லை. அன்று முழுக்க ஊரில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது: இந்நேரம் எடுத்திருப்பார்கள், இந்நேரம் சுடுகாட்டில் இருப்பார்கள் என்று. எது கொடுமை என்று எனக்கு அளந்து சொல்லத் தெரியவில்லை. தந்தி என்ற பெயரில் நம்மவர்கள் நாளிதழே நடத்தினார்கள். ‘தினத்தந்தி’ 1942-இல் மதுரையில் தொடங்கியது. செய்தித்தாளுக்கு வேகம் என்ற பொருளைத் தந்த அதே சொல், லயத்தில் சாவு என்ற பொருளைத் தந்தது.

மோர்ஸை வாழ்த்தி மட்டும் எழுதிவிட முடியாது. அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடியேறிகளை அவர் வெறுத்தார். அவர்களுக்கு எதிராக எழுதினார். 1836-இல் குடியேறிகளை எதிர்க்கும் கட்சியின் வேட்பாளராக நியூயார்க் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தை, சமயத்தின் பெயரைச் சொல்லி ஆதரித்தார். இந்த விவரம் சிறுவர் நூல்களில் வருவதில்லை. தூரத்திலிருப்பவரின் துயரம் எப்படிப்பட்டது என்று தெரிந்த மனிதர், குடும்பத்திலிருந்து பிரித்து விற்கப்பட்டவர்களின் துயரத்தைப் பார்க்க மறுத்திருக்கிறார். குடியேறிகளின் பேரப்பிள்ளைகளான நாம் இதைத் தெரிந்துகொண்டே அவர் கருவியின் முன்னால் நிற்கலாம்.

கடைசி ஆண்டுகளில் அவருக்குக் குறை ஒன்றுமில்லை. கப்பலில் பேசிய ஜாக்சன், கண்டுபிடிப்பு தம்முடையது என்று உரிமை கோரினார், பலரும் வழக்காடினார்கள். 1854-இல் உச்ச நீதிமன்றம் மோர்ஸின் உரிமையை உறுதி செய்தது. 1858-இல் ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து 4 லட்சம் பிராங்க் அன்பளிப்பு கொடுத்தன. ஹட்சன் ஆற்றங்கரையில் பெரிய வீடு, இரண்டாம் மணம், பிள்ளைகள். வெயிலுக்கு அப்படி அமையவில்லை. குறைந்த சம்பளத்தில் சலித்து 1848-இல் தந்தித் தொழிலை விட்டு விலகி, 1859-இல் இறந்தார். 1871 ஜூனில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மோர்ஸுக்குச் சிலை வைத்தார்கள். செலவுக்குப் பணம் திரட்டியவர்களில் தந்தி அடிக்கும் ஊழியர்கள் நிறைய. அன்றிரவு அவர் கையெழுத்தாகத் தம் பெயரைச் சாவியில் தட்ட, அது நாடு முழுக்கப் போனது. 1872 ஏப்ரல் 2-ஆம் நாள், 80 வயதில் காலமானார்.

நம் நாட்டில் தந்திச் சேவை 2012 ஜூலையில் நின்றது. இந்தியாவில் அடுத்த ஆண்டு ஜூலையில். புலனத்தில் இரங்கல் செய்திக்குக் கீழே கைகூப்பும் படத்தைப் போடும் நமக்கு அது நின்றதும் தெரியவில்லை.

லஃபாயெட்டின் ஓவியத்தை மோர்ஸ் பாதியில் விட்டுவிடவில்லை. மனைவியின் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, அடுத்த ஆண்டு அதை முடித்துக் கொடுத்தார். கிழத் தளபதியின் பின்னால் மாலைச் சூரியன் இறங்கும் வானம் இருக்கும். நியூயார்க் நகர மண்டபத்தில் அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது.